என் காரில் கேட்ட தப்பு

பதுளையில் வாங்கிய புது ஸ்பீக்கர்களையும் பேஸ் பெட்டியையும் என் சின்னக் காரில் நானே பூட்டினேன். தங்கை புருஷன் திருவிழாவில் தப்பு மேளம் அடித்ததை ஃபோனில் பதிந்து வைத்திருந்தேன். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயமே கூடி நிற்க, அதைப் போட்டேன். தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்டது.

"மச்சான், இது என் தப்பு இல்ல!" என்றார் தங்கை புருஷன். எல்லோரும் சிரித்தார்கள்.

"புது செட்டு, கொஞ்சம் சூடாகணும்" என்று சமாளித்தபடி கதவு அட்டையைக் கழற்றினேன். ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் வயர்களை மாற்றி மாட்டியிருந்தேன். அது காற்றை முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, பேஸ் நடுவிலேயே செத்துப்போயிருந்தது. வயர்களைத் திருப்பி மாட்டி, மறுபடி போட்டேன்.

கார் கண்ணாடிகளோடு லயத்துத் தகரக் கூரையும் அதிர்ந்தது. தங்கை புருஷன் துள்ளினார்.

"இதுதாங்க என் தப்பு!"

தன் தப்பை ஒருவர் இவ்வளவு பெருமையாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. என் தப்பைத்தான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.