மாமா அழித்த முட்டைகள்

எங்கள் குடும்பத்தில் ஒரு புகைப்படம் எடுத்த உடனே முடிந்துபோவதில்லை. எடுத்த பிறகுதான் அதன் வேலையே தொடங்கும். அந்த வேலையைச் செய்தவர் என் தாய்மாமா. பொன்னமராவதியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்து நல்லது கெட்டது எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் ரோட்டோரத்துக்கு வரும். கறுத்த மாப்பிள்ளையைச் சிவப்பாக்குவார். செத்துப்போனவரையும் சும்மா விடமாட்டார். முகச்சுருக்கத்தை நீவி, கழுத்தில் சங்கிலி போட்டு, மேகத்துக்கு நடுவில் உட்காரவைப்பார். மூக்கின்மேல் மிளகளவு மரு இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது எனக்குக் காது குத்தினார்கள். பஸ் நிற்கிற இடத்தில் மாமா கதவளவு பேனர் ஒன்று கட்டினார். அதில் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு பையன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு புலிகளுக்கு நடுவில் நின்றான். என் இடது புருவத்தில் ஆட்டுக்கிடா முட்டிய தழும்பு உண்டு. அது அந்தப் பையனுக்கு இல்லை. அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வருத்தப்பட்டார்: “யாரு வீட்டுப் புள்ளைக்கோ ஸ்டாப்புல எம்புட்டுப் பெரிய பேனரு வச்சிருக்காங்க. ஒன் தம்பி நம்ம பயலுக்கு ஒண்ணு வைக்கக் கூடாதா?”

அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

இதை முதலில் சொல்லிவிட்டால்தான் ஏழாம் வகுப்பில் நடந்தது புரியும். எங்கள் அறிவியல் டீச்சர் ஒருநாள் வகுப்புக்கு வந்து, சுற்றுப்புறத்தோடு நிறத்தால் ஒட்டி மறைந்துகொள்ளும் உயிர்களைப் புகைப்படம் எடுத்துவரச் சொன்னார். நல்ல படங்களைப் புதுக்கோட்டையில் கண்காட்சிக்கு வைப்பார்கள். படம் தேர்வான பிள்ளைகளை வேனில் கூட்டிப்போய், திரும்பும் வழியில் சித்தன்னவாசல் காட்டுவார்கள். நான் அதுவரை வேனில் ஏறியதில்லை. சித்தன்னவாசலைப் பாடப்புத்தகத்தில் தபால்தலை அளவில்தான் பார்த்திருந்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சர் மூன்று கட்டளை போட்டிருந்தார். நிறம் கண்ணால் பார்த்தபடியே இருக்க வேண்டும். நுணுக்கம் தெரிய வேண்டும். நாமாக எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது.

எதை எடுப்பது என்று எனக்கு யோசனையே இல்லை. கண்மாய்க்கு மேற்கே சரளைப் பொட்டலில் ஒரு ஆட்காட்டிக் குருவி முட்டை வைத்திருந்தது. ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளுக்கு இந்தக் குருவியைத் தெரியாமல் இருக்காது. யார் அங்கிட்டுப் போனாலும் ஊருக்கே கேட்கும்படி கத்திக் காட்டிக்கொடுக்கும். கூடு என்று ஒன்றும் கட்டாது. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக, நாலு முட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும். மண்நிறத்து முட்டை, அதில் கருந்திட்டுகள். சரளையும் அதே நிறம், அதே திட்டு.

அப்பாவின் செல்போனை வாங்கிக்கொண்டு மூன்று சாயங்காலம் அந்தப் பொட்டலில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். முதல் நாள் எடுத்ததெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டாம் நாள் ஆடிக்காற்றில் கை ஆடிவிட்டது. மூன்றாம் நாள் வெயில் சாய்ந்து, கல்லுக்கெல்லாம் நிழல் விழுகிற நேரத்தில், குருவி தன் மஞ்சள் கால்களை ஊன்றி முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. முதுகின் பழுப்பும், கண்முன்னால் தொங்கும் சிவப்புத் தோலும், முட்டையின் ஒவ்வொரு திட்டும் அப்படியே விழுந்தன. எடுத்த எனக்கே முட்டைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வேனில் ஜன்னலோர சீட்டு என்று முடிவுசெய்துகொண்டேன்.

அம்மா போனை வாங்கி உற்றுப் பார்த்தார். “ஏன்டா, குருவி நல்லாருக்கு. கீழ வெறுங்கல்லாக் கெடக்கே, கொஞ்சம் கூட்டிப்புட்டு எடுத்திருக்கலாம்ல?”

அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அதிலேயே அபாயத்தைக் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து நிலைத்த முதல் ஆள் நான்தான். மாமாகூட எட்டாம் வகுப்போடு நின்றவர். அதனால் பள்ளிக்கூடம் எதையாவது கேட்டால் கேட்ட அளவுக்கு மட்டும் கொடுப்பது மரியாதைக் குறைவு என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருமுறை பாடத்துக்கு வேப்பிலை கொண்டுவரச் சொன்னபோது அப்பா ஒரு முழுக் கிளையை வெட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர். இப்போது படத்தைத் தாள் அளவில் பிரிண்ட் போட வேண்டும் என்றதும், போனில் இருந்த மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொன்னமராவதிக்குப் போனார். மாமாவிடம் இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, “பள்ளிக்கூடத்துக்கு மாப்ள, நல்லாப் பண்ணிக் குடு.” இரண்டு, “கார்டுல அப்புடியே பழைய பாட்டு கொஞ்சம் ஏத்திவிடு.”

படம் கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. காலை இறைவணக்கம் முடிகிற நேரத்துக்கு மாமாவின் வண்டி பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்தது. பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் சுருள், சீர்வரிசைக் கரும்பு மாதிரி கட்டியிருந்தது. புதுச்சட்டை வேறு போட்டிருந்தார்.

வராண்டாவில் ஆறாம் வகுப்புப் பையன்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடிக்க, மாமா சுருளை விரித்தார்.

பின்னால் பனிமலை. மலையிலிருந்து அருவி. அருவியின் அடியில் கோயில்மாடு அளவுக்கு என் ஆட்காட்டிக் குருவி. அதன் பழுப்பு முதுகை மாமா கோதுமை நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார். கண்முன் தொங்கிய தோலுக்கு உதட்டுச்சாயச் சிவப்பு. கால்கள் இரண்டும் தங்கம். வலது பக்கம், இரண்டாம் வகுப்புக் காதுகுத்தில் நின்ற அதே ரோஸ்மில்க் பையன் குருவியைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தான். மேலே ‘இயற்கையின் இளவரசன்’ என்று போட்டு, கீழே வாழ்த்தும் நெஞ்சங்கள் என்று எங்கள் சொந்தக்காரர் அத்தனை பேரின் பெயரும் இருந்தது. மூலைக்கு மூலை, கயிறு கட்டுவதற்கு வளையம்.

குருவி பச்சைப் புல்வெளியில் நின்றது. நான் அதன் காலடியையே பார்த்தேன்.

“மாமா, முட்டை எங்க?”

“என்ன முட்டை?”

“காலுக்குப் பக்கத்துல நாலு கெடந்துச்சே.”

மாமா சிரித்தார். “அதுவா, கல்லுடா. அசிங்கமா பூராம் கல்லாக் கெடந்துச்சு மருமகனே. ஒண்ணு விடல. பாதி ராத்திரி வரைக்கும் ஒக்காந்து தொடச்சு எடுத்தேன்.”

நான் அழுதுவிட்டேன். டீச்சர் சட்டென்று வேப்பமரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. இதற்குள் தலைமையாசிரியர் வந்து பேனரைச் சுற்றிப் பார்த்து, ஆண்டுவிழாவுக்கு இதே மாதிரி ஒன்று செய்ய முடியுமா, அந்த அருவி அப்படியே இருக்கட்டும் என்று மாமாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் முகத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, சாயங்காலம் மணி அடிக்கிறவரை நேரம் இருக்கிறது, மாற்றாத படத்தைக் கொண்டுவந்தால் போதும் என்றார். மாமா சட்டைப்பையில் கையை விட்டுக் கார்டை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. பாட்டு ஏற்ற இடம் பற்றவில்லையாம். வேலைதான் முடிந்துவிட்டதே என்று படங்களை எல்லாம் துடைத்துவிட்டிருந்தார். கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததும் கல்லைத் துடைத்த படம்தான்.

“நீங்க பெருசு பண்ணித்தானே வேல பாப்பீங்க? அப்பக்கூட முட்டைனு தெரியலையா?” என்று டீச்சர் கேட்டார்.

“மேடம், ஒரு ஆளு மொகத்துல கொசு கடிச்ச தடத்தக்கூட நான் விட்டதில்ல. அது கல்லுதான் மேடம்.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். “ஏறுடா வண்டில.”

உச்சிவெயிலில் பொட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். குருவி எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கத்த ஆரம்பித்தது. மாமா கல்லைத்தான் பார்க்க வந்தவர் போல நேராக நடந்தார். அது மேலே ஏறி, வளைந்து, அவர் தலையைக் குறிவைத்து இறங்கியது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்தார். அது திரும்ப வந்தது. அவர் அங்கிட்டும் இங்கிட்டும் துள்ளி, ஒரு காலைத் தூக்கிய நேரத்தில் நான் கத்தினேன். “மாமா, கால கீழ வச்சிராதீங்க.”

ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். “ஏன்டா, பாம்பா?”

“முட்டை.”

“எங்க?”

“ஊனியிருக்கிற காலுக்குப் பக்கத்துல. கட்டவெரலுக்கு நேரா.”

பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். குருவி இரண்டு தரம் அவர் தலையைத் தட்டிவிட்டுப் போனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, “அட” என்றார். பிறகு ஒவ்வொன்றாக, உதடு மட்டும் அசைய, நாலு வரைக்கும் எண்ணினார்.

தூக்கிய காலைத் தூரமாக வைத்தார். ஊன்றிய காலை எடுக்க மட்டும் தைரியம் வரவில்லை. எடுத்தால் எங்கே சரளை சரிந்து முட்டை உருண்டுவிடுமோ என்று பயம். நான் அவர் போனை வாங்கிக் குப்புறப் படுத்தேன்.

“கீழ என் கர்ச்சீப்ப விரிச்சா பளிச்சுனு தெரியும்ல?”

“வேணாம் மாமா.”

“வெளிச்சமாச்சும் கொஞ்சம்…”

“மாமா.”

உச்சிவெயிலுக்கு நிழலே இல்லை. முதல் படத்தின் அழகு இதில் வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவர் தலையை நீட்டி முட்டைகளின்மேல் நிழல் விழச்செய்தார். நிறம் வெளுக்காமல் நின்றது. குருவி மட்டும் படத்துக்குள் வரவில்லை, அது மாமாவின் தலைக்குமேல் வேலையாக இருந்தது. அதற்குப் பதில், மூலையில் மாமாவின் கால் கட்டைவிரல் விழுந்துவிட்டது. நகக்கண்ணில் பேனர் மையின் ஊதா. என்னென்னவோ செய்து பார்த்தேன், அதை வெளியே தள்ள முடியவில்லை.

மாமாவின் கடையில் தாளில் பிரிண்ட் போட்டுக்கொண்டு, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். இரண்டையும் அனுப்பப்போவதாகச் சொன்னார். எனக்கு வேனில் இடம் கிடைத்தது. ஆனால் ஜன்னலோரம் கிடைக்கவில்லை; அங்கே பேனரைப் பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார்.

புதுக்கோட்டைக் கண்காட்சியில் என் தாளளவு படத்தையும் மாமாவின் பேனரையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். நடுவில் டீச்சர் கையால் எழுதிய அட்டை: ‘முகத்தில் கொசு கடித்த தடத்தையும் விடாத ஒருவர், இந்த முட்டைகளைக் கற்கள் என்று நினைத்து அழித்துவிட்டார். நீங்கள் கண்டுபிடியுங்கள்.’ கூட்டம் முழுக்க அருவிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. மாமா என் படத்துக்குப் பக்கத்தில் காவலுக்கு நிற்கிற மாதிரி நின்று, முட்டை தெரியாமல் முழித்தவர்களிடம், “தெரியாதுங்க. அழிச்சதே நான்தான்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போனது.

சித்தன்னவாசலில் எல்லாரும் ஐந்து நிமிடத்தில் குகைக் கூரையைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். மங்கிப்போன தாமரைக் குளம். இதற்குக் கொஞ்சம் கலர் ஏற்றலாம் என்று மாமா சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கழுத்து வலிக்க நிமிர்ந்தே நின்றார். “அந்த மூலையில ஒரு மீனு இருக்கு, தெரியுதா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. வேன்காரர் ஹாரன் அடித்தார்.

அடுத்த மாசியில் என் தங்கைக்குக் காது குத்தினார்கள். பஸ் நிற்கிற இடத்தில் மறுபடியும் மாமாவின் பேனர். தங்கைக்குப் பக்கத்தில் அண்ணன் என்று என்னையும் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிற இடம். அதில் நான் நானாகவே நின்றேன். அதே கறுப்பு. இடது புருவத்தில் கிடா முட்டிய தழும்பு, இருக்கிற இடத்தில், இருக்கிற அளவில். புலிகூட இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் அத்தனை பேரையும் சிவப்பாக்குகிறவர் சொந்த மருமகனுக்கு மட்டும் இப்படிச் செய்வாரா என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. வேலை அதிகம், அவசரத்தில் அப்படியே அடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினாராம்: “அந்தா பாருங்க, எம் பய.” வீட்டுக்கு வந்தபிறகும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இதில் என்ன இவ்வளவு சந்தோஷம் என்று, தழும்பைக் கையால் மறைத்துக்கொண்டு, நான் அவரை முறைத்துக்கொண்டிருந்தேன்.