மணிலாக்காரியின் ‘வந்தால்’

யுத்த காலத்தில் ஒரே ஒரு நாள் தாசில்தார் கச்சேரியில் துபாஷி வேலை பார்த்தேன். மணிலாவில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேனாக இருந்துவிட்டு கறம்பக்குடிக்குத் திரும்பியவன் நான். மணிலாப் பேச்சான தகாலோக் தெரிந்தவர் அந்தப் பக்கம் வேறு யாருமில்லை.

விசாரணைக்கு வந்தவள் ரோஸா. மணிலாப் பெண். எங்கள் பக்கத்துக் கடைக் கருப்பையாவின் மனைவி. கடையை ஒழித்துவிட்டு அடுத்த கப்பலில் வருவதாகச் சொல்லி, அவளையும் கைக்குழந்தையையும் என்னோடு ஏற்றிவிட்டார் அவர். அதற்குள் ஜப்பான்காரன் அங்கே இறங்கிவிட்டான். பிறகு தகவலே இல்லை. அண்ணன் இறந்திருப்பார், நிலத்தைத் தன் பேருக்கு மாற்ற வேண்டும் என்று மனுப் போட்டிருந்தார் தம்பி சின்னையா.

வெயில் அசையாமல் நின்ற மத்தியானம். ஜன்னல் வழியே வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. ரோஸா பேசத் தொடங்கியதும் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு கப்பல் தளம்போல் மெல்ல ஆடியது. எங்கிருந்தோ மணிலா ஆற்றுக் காற்றின் ஈரம் முகத்தில் பட்டது.

“கபாக் துமாத்திங் சியா...” என்றாள்.

“அவர் வந்தா இங்கேயே குடியிருப்போம்ங்கிறாங்க, எஜமான்” என்றேன்.

சின்னையா எழுந்தார். “பாத்தீங்களா? ‘வந்தா’ங்கிறாங்க. அவுங்களுக்கே நம்பிக்கை இல்லீங்க.”

ரோஸாவுக்கு அரைகுறைத் தமிழ் வந்திருந்தது. மேஜையில் கையை ஊன்றினாள். “வந்தா இல்லே! வந்தா இல்லே!”

தாசில்தார் என்னைப் பார்த்தார். “என்னய்யா சொல்றாங்க?”

“அவுங்க பேச்சுல ரெண்டு சொல்லு இருக்குங்க. வருவாரோ மாட்டாரோன்னா ‘குங்’. வர்றது நிச்சயம், நாள்தான் தெரியலைன்னா ‘கபாக்’. நம்ம ‘வந்தா’ ரெண்டுக்கும் பொதுவாப் போச்சு.”

“அப்ப தமிழ்ல எப்படி எழுதுறது?”

கொஞ்சம் யோசித்தேன். “‘வந்ததும்’னு எழுதுங்க, எஜமான்.”

ரோஸா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துத் தலையசைத்தாள். யுத்தம் முடியட்டும் என்று மனுவைத் தள்ளிவைத்தார் தாசில்தார்.

யுத்தம் முடிந்தது. மணிலாவிலிருந்து வந்த ஒருவர், ஊர் எரிந்தபோது கருப்பையாவும் போய்விட்டார் என்றார். அதைச் சொல்ல சின்னையாவும் நானும் ரோஸாவின் வயலுக்குப் போனோம். குழந்தை வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

“மதினி...” என்று தொடங்கிய சின்னையா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கள் முகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையைப் பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல், “குங் துமாத்திங் சானா சியா” என்றாள்.

“என்னங்க சொல்றாங்க?” என்று கேட்டார் சின்னையா.

“‘அவர் வந்திருந்தா...’ன்னு சொல்றாங்க.”

சின்னையா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பங்கை மறு வாரமே குழந்தையின் பேருக்கு எழுதிவைத்தார்.

நிச்சயத்துக்கும் சந்தேகத்துக்கும் பாஷைக்குப் பாஷை கணக்கு மாறும், துபாஷி அங்கே நிதானிக்க வேண்டும் என்பதைக் கச்சேரியில் கற்றேன். வயலில் அவள் சொன்ன அந்த ‘குங்’குக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.