அக்கா கலருக்குப் பெயர் வந்த விதம்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அக்கா கலர் ஒன்றைக் குடித்து முடித்துவிட்டு, லேபிளில் இருப்பது எந்த நடிகை என்று பந்தயம் கட்டினார். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் பந்தயத்தில் சேரவில்லை. அந்தப் படம் எங்கள் வீட்டுக்கு வந்த கதையை டீ நேரத்துக்குள் சொல்லி முடிக்க முடியாது.

அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். முதுகு பிடித்துக்கொண்ட வருஷம் மார்க்கெட்டை விட்டுவிட்டு, உறையூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கலர் சோடா போடும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்தார். பாகு காய்ச்சி, எசென்ஸ் சேர்த்து, கேஸ் ஏற்றி மூடி போடுவது அப்பா. கடைகளிலிருந்து திரும்பி வரும் காலி பாட்டில்களைத் தொட்டியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் பழைய லேபிளைத் தேய்த்தெடுத்துக் கழுவுவது அம்மா. பெயர் வைக்கும் வேலை எனக்கு வந்தது. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஐந்தாம் வகுப்பு.

ஸ்ரீரங்கத்தில் விற்க வேண்டிய சரக்குக்குப் பெருமாளை விட்டால் யாரைப் போடுவது? ‘ரங்கா கலர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மேலே பள்ளிகொண்ட பெருமாள் படம். அச்சாபீஸ்காரர், “தம்பிக்கு நல்ல மூளை” என்றார். அந்தச் சொல்லை ஒரு வாரம் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சரக்கு நன்றாகவே போயிற்று. சித்திரைத் தேருக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதல் காலி பாட்டில்கள் ஒரு வண்டி வந்து இறங்கின. அம்மா ஒன்றை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். நாரைக் கீழே வைத்துவிட்டாள்.

“சாமி மூஞ்சில நாரைப் போட்டுத் தேய்க்கச் சொல்றீங்களா?”

“காகிதந்தானடி” என்றார் அப்பா.

“அப்ப நீங்களே தேய்ங்க.”

அப்பா நாரை எடுத்தார். பெருமாளைப் பார்த்தார். ஒரு டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

இந்தப் பாட்டில்களைக் கழுவி நிரப்பித் தேர்க்கூட்டத்தில் விற்றால்தான் எங்கள் கம்பெனி நிற்கும். இல்லையென்றால் அந்த முதுகோடு அப்பா மறுபடியும் மூட்டைக்குத்தான் போகவேண்டும்.

அம்மாதான் வழி சொன்னாள். மறுநாள் காலை பாட்டில்களை வண்டியில் ஏற்றி, கணுக்காலளவு ஓடிக்கொண்டிருந்த காவிரியில் படுக்க வைத்தோம். யாரும் தொடாமல், மதியத்துக்குள் பெருமாள் ஒவ்வொருவராகக் கழன்று கிழக்கே போனார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

“இந்த ஒரு தடவை ஆத்துல விட்டாச்சு. வாராவாரம் வண்டி கட்ட முடியுமா? வேற படம் பாருங்க” என்றாள் அம்மா.

அச்சாபீஸ்காரரிடம் இருந்த பட அச்சு பிளாக்குகளையெல்லாம் ஒரே தாளில் அடித்து வாங்கி வந்தோம். நான் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

“யானை.”

“பிள்ளையார்டா.”

“கிளி?”

“ஆண்டாள் கையில இருக்கு.”

மயிலும் சேவலும் முருகனுக்குப் போயின. சிங்கம் நரசிம்மருக்கு. மீனும் ஆமையும் பெருமாளே எடுத்த அவதாரம். தாமரையைக் காட்டியபோது அப்பாவே “தாயார்” என்று சொல்லிவிட்டார். எலி ஒன்று இருந்தது. “அதுவும் பிள்ளையாரோடதுதான், இல்லேன்னாலும் எலிப் படம் போட்டா எவன்டா குடிப்பான்?” என்றாள் அம்மா. அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

மிஞ்சியது ஒரு பெண்ணின் முகம். பின்னல், நெற்றியில் பெரிய வட்டப் பொட்டு.

“இது எந்த சாமி?”

“சாமியில்லம்மா. கூந்தல் தைலத்துக்குச் செஞ்ச பிளாக்காம். அவங்க வாங்கிக்கலியாம்.”

அம்மா தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதையே போடுங்க. நான்னு நெனச்சுத் தேய்ச்சுக்கிறேன்.”

சிக்கல் தீர்ந்த சந்தோஷத்தில் நான் அச்சாபீஸுக்கு ஓடினேன். பெயர் யோசிக்க நேரமில்லாமல், படத்துக்குக் கீழே வெறுமே ‘கலர்’ என்று மட்டும் அடித்தார்கள். தேரன்று வெயில் தகித்தது. சித்திரை வீதியில் அப்பா போட்ட பெஞ்சைச் சுற்றிப் பிள்ளைகள் கையை நீட்டின. “அந்த அக்கா கலர் ஒண்ணு குடுங்க, அக்கா கலர்.” அடுத்த முறை அச்சடிக்கும்போது அதையே பெயராகப் போட்டுக்கொண்டோம். பெயர் வைக்கும் வேலை என் கையை விட்டுப் போனதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

தேர் முடிந்த மூன்றாம் நாள் காலி பாட்டில்கள் வந்தன. அம்மா உட்கார்ந்து தேய்க்கத் தொடங்கினாள். பின்னல் போயிற்று, காது போயிற்று, சிரிப்பும் போயிற்று. பொட்டருகே வந்ததும் நார் நின்றது. அந்தப் பாட்டிலை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். சாயங்காலம் பார்த்தால் சுவரோரம் நீளமாக ஒரு வரிசை. ஒவ்வொரு பாட்டிலிலும் விரல்நுனி அளவு காகிதத்தில் ஒரு பொட்டு மட்டும்.

“ஏம்மா அதை மட்டும் விடுற?”

“ஊறட்டும். தானா வரும்.”

தானாக எப்படி வரும், தண்ணீரிலிருந்து எடுத்து வெளியிலல்லவா வைத்திருக்கிறாள்? அப்பா வந்ததும் இதை நான் பெரிய வேடிக்கையாகச் சொன்னேன். “அம்மாவுக்கு பாட்டில் கழுவவே மறந்துபோச்சுப்பா.” அப்பா சிரிக்க ஆரம்பித்து, வரிசையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை நான் எழுந்து கொல்லைக்குப் போனபோது மெஷினருகே அம்மா நின்று மூடி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா தொட்டிக்கு முன்னால், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாரும் கையுமாகக் குனிந்திருந்தார். அதன்பின் எங்கள் வீட்டில் பாட்டில் கழுவியது அவர்தான். அம்மாவுக்குக் கை வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.