சீமையில் ஒரு சிட்டிகை உப்பு

சீமைக்குப் போய்வந்த சாலோமி என்றால் அந்தக் காலத்துப் பாளையங்கோட்டையில் எல்லாருக்கும் தெரியும். "லண்டன் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "குளிரு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. கர்வம் என்றார்கள். கர்வமும் இல்லை, ஒன்றும் இல்லை. என்னத்தைச் சொல்வாள், பாவம்.

தாமிரபரணிக் கால்வாய்களைப் பார்த்துக்கொண்ட இஞ்சினீர் துரை வீட்டில் அவள் ஆயா. புருஷன் வாந்திபேதியில் போய், பெற்ற பிள்ளையும் இரண்டே மாதத்தில் இறந்துபோன வருஷம்தான் துரைசானிக்கு எடித் பிறந்தாள். சாலோமி பால் கொடுத்து வளர்த்தாள். அம்மாவிடம் பேசுவதற்கு எடித் இங்கிலீஷ் கற்றுக்கொண்டாள். மற்ற பேச்சும் தூக்கத்தில் உளறுவதும் சாலோமியின் தமிழ்தான்.

1908இல் பிள்ளைக்கு ஏழு வயது நடந்தது. ஏழு வயதானால் துரைமார் பிள்ளைகளைச் சீமையில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நம்மூர் வெயில் ஆகாதாம். ஆறு வருஷம் அதே வெயிலில் கொய்யாப்பழம் மாதிரி வளர்ந்த பிள்ளைக்கு ஏழாவது வருஷம் அது ஆகாமல் போகும் என்று எந்த டாக்டர் கண்டுபிடித்தாரோ.

லண்டனில் ஒரு வாரம் பிள்ளைக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது, ஏழாம் நாள் சாயங்காலம் துரையின் அக்கா வீட்டில் அவளை விட்டுவிடுவது, மறுநாள் மற்ற மூன்று பேரும் கப்பல் ஏறுவது. இதுதான் ஏற்பாடு. பிள்ளைக்கு இது தெரியாது. "சாலோமி, நீ சொல்லாதே. அழுவாள்" என்று துரைசானி உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கச் சாலோமிக்கு ஒரு ரகசிய வேலை இருந்தது. காலையில் ஓட்டல் மேஜையிலிருந்து கொஞ்சம் உப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வாள். ஊர் சுற்றிவிட்டு வந்ததும் அதைப் பிள்ளைக்கு மூன்று தரம் சுற்றி, அறையில் எரியும் கணப்பில் போடுவாள். "தெருக்கண்ணு, கோட்டைக்கண்ணு, வண்டிக்காரன் கண்ணு, எல்லாக் கண்ணும் இயேசு நாமத்தினால ஒழியட்டும்." கடைசியில் இயேசுவைச் சேர்த்துவிட்டால் அது அஞ்ஞானிகள் சடங்கு ஆகாது என்பது அவள் துணிச்சல். பாளையங்கோட்டைப் பாதிரி ஐயர் கேட்டிருந்தால் கோயிலில் அப்பமும் ரசமும் தரும் ராப்போஜனத்திலிருந்து அவளைத் தள்ளிவைத்திருப்பார்.

"உப்பு வெடிச்சிருச்சா ஆயா?" என்று எடித் கேட்பாள்.

"வெடிச்சிருச்சு, படு."

அதைக் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

ஏழாம் நாள் மிருகக்காட்சிசாலைக்குப் போனார்கள். துரையும் துரைசானியும் முன்னால் நடந்தார்கள். சிங்கக் கூண்டுக்கு முன்னால் எடித் சாலோமியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது எதுக்கு அங்கனயும் இங்கனயும் நடந்துக்கிட்டே இருக்கு?"

"அடைச்சு வச்சா அப்படித்தான் பாப்பா."

"ஊருக்குப் போவணும்போல. ஆயா, நாளைக்குக் கப்பல்ல மேல் கட்டில் எனக்கு. நீ கீழ படுத்துக்கோ, என்ன?"

"சரி பாப்பா."

சொல்லாதே என்றுதான் துரைசானி சொல்லியிருந்தாள், பொய் சொல் என்று சொல்லவில்லை. இது சாலோமியின் சொந்தப் பொய். அள்ளிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். எங்கே ஓட? அந்த ஊரில் இடப்பக்கம் திரும்பினால் என்ன தெரு என்றுகூட அவளுக்குத் தெரியாது. வெள்ளைக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கறுப்பி ஓடினால் தெருமுனைக்குள் பிடித்துவிடுவார்கள்.

சாயங்காலம் அக்கா வீட்டில் தேநீர். சாலோமியை வாசல் நடையிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே எரியும் கணப்பு அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அத்தைக்காரி எடித்தின் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் துரைசானி வேகமாக வெளியே வந்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

"வா, வண்டி. சீக்கிரம்."

"அம்மா, ஒரு நிமிசம். புள்ளைக்குச் சுத்திப் போட்டுட்டு வந்துருதேன். எத்தனை கண்ணு பட்டிருக்கு இன்னைக்கு." முந்தானை முடிச்சைத் தூக்கிக் காட்டினாள்.

துரைசானிக்கு அது என்னவென்று விளங்கவில்லை. "வேண்டாம். உன்னைப் பார்த்தால் அழுவாள்."

"பேச மாட்டேம்மா. தூர நின்னு சுத்திருதேன்."

துரைசானி அவள் தோளைப் பிடித்து வண்டியின் பக்கம் திருப்பினாள். சாலோமி ஏறி உட்கார்ந்தாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்?

அப்போது மாடி ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "ஆயா, இங்கன வந்து பாரு. பொம்மைக்கு வீடு இருக்கு. உள்ள குட்டியா ஒரு ஆயாகூட இருக்கு."

வண்டிக்காரன் குதிரையைத் தட்டினான். தெரு திரும்பும்வரை "ஆயா, ஆயா" என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது. எதிரில் துரைசானி கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். துரை தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி பிள்ளை தூக்கக் கலக்கத்தில் விழித்து, தண்ணி தவிக்குது என்று தமிழில் சொன்னால் அந்த வீட்டில் யாருக்குப் புரியும்? சாலோமிக்கு அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்க்கவே இல்லை. சுற்றாத உப்பைத் தெருவில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த உப்பு அவளோடு கப்பல் ஏறிப் பாளையங்கோட்டைக்கே வந்தது. துரைக்கு வேறு ஊருக்கு மாற்றலானபின் சாலோமி ஆயா வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இடியாப்பம் அவித்து விற்றாள். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் அடுப்புக்கு முன்னால் நின்று, கையில் உப்பை எடுத்து வெறும் காற்றைச் சுற்றுவாள்.

பக்கத்து வீட்டு அன்னத்தாய் ஒருநாள் கேட்டேவிட்டாள். "ஆளில்லாம யாருக்குக்கா சுத்துதிய?"

"ஆளு இருக்கு" என்றாள் சாலோமி.

முதல் வருஷம் அவள் கை இடுப்பு உயரத்தில் சுற்றியது. வருஷத்துக்கு வருஷம் அதைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள். பிள்ளை வளர்ந்திருப்பாளே. சீமையில் பெரிய சண்டை நடந்த வருஷங்களில் கை அவள் தோளுக்கு வந்துவிட்டது. மூன்று சுற்று சுற்றி, உப்பை நெருப்பில் போட்டு, காது கொடுத்துக் கேட்டு, "வெடிச்சிருச்சு, படு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பாள்.