மகள் மாடி

நகராட்சி அலுவலகத்தில் கட்டட அனுமதி கொடுக்கும் பிரிவில் அவருக்கு ‘மகள் மாடி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கோப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. தொழில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது. மாடியில்லாத வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி இறந்தபின் சமையலறையில் ஒரு அடுப்பு போதுமென்றாகி, மற்றொன்றின் மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கிவிட்டார்.

வெளியூரில் கணவனோடு இருக்கும் ஒரே மகளுக்காக மாடி கட்ட வேண்டும். மாடி என்றால் வெறும் மாடி அல்ல. படி வெளியே இருக்க வேண்டும். இந்தப் படிதான் வில்லங்கம்.

“சார், வெளிய படி வெச்சா பக்கத்துல விடவேண்டிய காலி இடத்த அது தின்னுடும். அனுமதி கெடைக்காது. பேசாம உள்ள வைங்க” என்றார் பிளான் போடும் இன்ஜினியர்.

“உள்ள வேணாம்.”

“மழைல நனைய வேணாம் சார். வயசான காலத்துல உங்களுக்கும் வசதி.”

“எனக்கு எதுக்குப் படி? நான் கீழ இருக்கறவன்.”

காரணத்தை அவர் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமுமல்ல. கடைசியாக மகள் வந்திருந்தபோது சமையலறையில் கணவனிடம் முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. “செருப்ப மாட்டினா போதும், ‘எங்க கெளம்பிட்டேம்மா’ன்னு கேக்கறாரு. ரெண்டு நாளுக்கு மேல இங்க மூச்சு முட்டுது.” பொய்யில்லை. கேட்பார். பதில் தேவைப்பட்டுக் கேட்பதல்ல, வீட்டில் ஒரு குரல் கேட்கட்டுமே என்றுதான். ஆனால் நாக்கை அடக்க முடியாது என்று அவருக்கே தெரியும். படியை வெளியே வைத்துவிட்டால் அவள் எந்நேரம் போனாலும் வந்தாலும் கேட்க வழியில்லை. பிறகு ஏன் வரமாட்டாள்?

ஆகவே நடையாய் நடந்தார். அதிகாரி இருக்கும் நாளில் கோப்பு இருக்காது. கோப்பு இருக்கும் நாளில் அதிகாரி கள ஆய்வுக்குப் போயிருப்பார். இரண்டும் கூடிவந்த ஒருநாள் மின்சாரம் போனது. அங்கே வெகுநாளாக ஓடாமல் கிடந்த மேஜை விசிறிக்கு இவரே காயில் கட்டிச் சரிசெய்து கொடுத்ததில் எழுத்தர் சிநேகமானார். காத்திருக்கும் நேரமெல்லாம் மகள் பேச்சுதான். அவளுக்குக் கிழக்கே ஜன்னல் வேண்டும், குளியலறையில் வெந்நீர்க் குழாய் வேண்டும் என்று அளந்துவிடுவார். தேநீர் கொண்டுவருபவர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் விஷயம் தெரியும். தெரியாதது ஒருத்திக்குத்தான். அந்த மகளுக்கு.

அனுமதி கைக்கு வரட்டும், ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மை அதுவல்ல. பயம். கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாளே.

கடைசியில் இன்ஜினியர்தான் வழி கண்டுபிடித்தார். “முன்ரூம்ல பாதிய இடிச்சு, அந்த இடத்துலயே தெருவப் பாத்த மாதிரி தனிப் படி ஏத்தலாம். நடுவுல சுவர். ஆனா உங்க ஜன்னல் போயிடும்.”

அந்த ஜன்னலோரத்தில்தான் அவர் சாயங்காலங்களில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்ப்பார். தினமும் அவர் பார்க்கும் மனித முகங்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

“போனா போகட்டும். வரைங்க” என்றார்.

முத்திரை குத்திய பிளான் வந்தது. வீட்டுக்கு வந்து, அதை மேஜையில் விரித்து, நான்கு மூலையிலும் செம்புக் கம்பிச் சுருளை வைத்து, மகளை அழைத்தார். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

“அம்மாடி, மாடி கட்டப் போறேன். பர்மிஷன் வந்துடுச்சு. படி தனியா, வெளிய.”

“நெஜமாவாப்பா? ரொம்ப நல்ல விஷயம். இத நானே சொல்லணும்னு நெனச்சேன்.”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “அப்படியா?”

“ஆமாப்பா. தனிப் படி இருந்தா வாடகைக்கு டக்குன்னு போயிடும். நல்ல குடும்பமா பாத்து விடுங்க. உங்களுக்கும் ஒரு ஆள் துணை. நாங்களும் இங்க நிம்மதியா இருப்போம்.”

அவர் பிளானில் கிழக்கு ஜன்னலைப் பார்த்தார்.

“அதுக்குத்தாம்மா கட்டறேன்” என்றார்.

பேசிய பின்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகை வந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் துடைக்கவுமில்லை.

வேலை தொடங்கும் தேதியை எழுதிக் கொடுக்க மறுநாள் அலுவலகம் போக வேண்டியிருந்தது. எழுத்தர் இருக்கையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“வாங்க மகள் மாடி! பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாங்க?”

மேஜை விசிறி இவர் கட்டிய காயிலில் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தேநீர்க்காரரும் நின்று திரும்பிப் பார்த்தார்.

“ரொம்ப சந்தோஷப்பட்டுச்சு” என்றார். “எப்ப முடியும், எப்ப முடியும்னு ஒரே நச்சரிப்பு.”

எல்லோரும் சிரித்தார்கள். தாளைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார்.

“எங்க, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க?” என்று எழுத்தர் உள்ளேயிருந்து கேட்டார்.

மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார்.