கசக்கி எறிந்த ரசீது

என் பழைய பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு வங்கி ரசீது இருக்கிறது. ஒருவர் கசக்கி எறிந்ததை நான் எடுத்து நீவி வைத்தது. 1991-ல் ஜப்பானில் ஒரு சிறிய ஊரில் கொடுத்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்போது எனக்கு வேலை. புது மெஷினைப் பழகிவர சூப்பர்வைசரையும், என்னோடு லைனில் நின்ற வாலாஜாபாத் அண்ணனையும், என்னையும் மூன்று வாரம் அனுப்பினார்கள். செலவுக்கு டிராவலர்ஸ் செக். வாங்கும்போது மேலே ஒரு கையெழுத்து; பணமாக்கும்போது வங்கிக்காரர் கண்ணெதிரே கீழே இன்னொன்று. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மாறிப்போய் ஒருநாள் சம்பளத்தை இழந்தவர் அண்ணன். அந்த பயத்தில், விமானத்திலேயே மேலே இருந்ததைப் பார்த்துப் பார்த்து அத்தனை செக்கிலும் கீழ்க் கையெழுத்தையும் போட்டு முடித்துவிட்டார்.

அவருக்கு ஒரு கேமரா வேண்டும். கல்யாணங்களில் போட்டோ எடுத்தால் ஓ.டி. பார்த்து முதுகு ஒடிய வேண்டாம் என்பது அவர் எண்ணம். அதற்காகச் செக்கைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சலிலேயே நாளை ஓட்டினார்.

கடைசி வாரம் வங்கிக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் தயங்கினாள். உள்ளே போய்க் கேட்டுவந்து, செக்கின் பின்பக்கம் அண்ணனிடம் மறுபடி கையெழுத்து வாங்கி, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்த்தாள். அண்ணனை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு சூப்பர்வைசரே பணத்தை வாங்கினார். ரசீதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். என்ன விலைக்கு மாற்றினார்கள் என்று பார்க்க நான் அதை எடுத்தேன். அண்ணனின் செக்குகளுக்கு முழுத்தொகையும் கொடுத்ததாக அதில் இருந்தது.

வாசலில் சூப்பர்வைசர் பாதியை அண்ணனிடம் எண்ணிக் கொடுத்தார். “ரெண்டு கையெழுத்தையும் நீயே போட்டுகினு வந்துட்ட. அது செல்லாதுய்யா. நான் பேசினதால பாதியாச்சும் குடுத்தாங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “இன்னா தம்பி, நீ இங்கிலீஷ் தெரிஞ்சவன். மெய்யாலுமே அப்டித்தானா?”

என்னை நிரந்தரமாக்கும் தாளில் சூப்பர்வைசர் அடுத்த மாதம் எழுத வேண்டியிருந்தது. ரசீது என் சட்டைப்பையில் இருந்தது.

“ஆமாண்ணே. ரூல் அப்டித்தான்,” என்றேன்.

அன்று மாலை சூப்பர்வைசர் ஒரு டேப்ரிக்கார்டர் வாங்கினார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். தின்றேன். அவரை நினைத்தால் வரும் அருவருப்பைவிட, அதை ருசித்துத் தின்ற என் வாயை நினைத்தால் வருவது அதிகம்.

ஊர் திரும்பும் நாளில் அண்ணன் ஒரு பேனாவை என் பையில் செருகினார். “கவுன்ட்டராண்ட நீயும் இல்லாங்காட்டி அந்தப் பாதியும் போயிருக்கும் தம்பி. வச்சிக்கோ.” நிரந்தர உத்தரவு வந்தபோது அந்தப் பேனாவால்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வெளிநாடு போனால் கார்டை நீட்டுகிறேன். கையெழுத்து யாரும் கேட்பதில்லை. அண்ணன் ரிட்டயர் ஆகும்வரை ஓ.டி. பார்த்தார். போன மாதம்கூடப் போனில் பேசினோம். பேரன் செல்போனில் என்னமாய் போட்டோ எடுக்கிறான் என்று வெகுநேரம் சொல்லிச் சிரித்தார். ரசீது என் கையில்தான் இருந்தது. பேசி முடித்ததும் அதைப் பழைய பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்தேன்.