லின்சி திருத்திய கோடு

மன்னார்குடி மருமகள் லின்சி எம்.எஸ்சி. கணக்கு படித்தவள். அந்தப் படிப்பு மூன்று வருஷமாகப் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. வெளியே வர ஒரே ஒரு வழி இருந்தது: திருச்சியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஓர் இடம். "உங்க பேர்ல செஞ்ச வேலை ஏதாவது வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க" என்றிருந்தார் பேராசிரியை.

கணவன் மரியஅந்தோணி குவைத்துக்குப் போகும்போது விட்டுப்போன லேப்டாப்பில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய கணித மென்பொருள் ஒன்றை இறக்கி வைத்திருந்தாள். புள்ளிகளையும் கோடுகளையும் கொடுத்தால், 'இது ப்ரொஜெக்டிவ் பிளேன் என்ற வடிவியல் அமைப்புதானா' என்று சோதித்துச் சொல்லும். எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரே கோடு, எந்த இரண்டு கோட்டுக்கும் ஒரே புள்ளி. இவை இரண்டும் சரியாக இருந்தால் போதும், தலையாட்டிவிடும்.

லின்சிக்குக் குறும்பு தட்டியது. தன் வீட்டையே கொடுத்தாள். மாமனார், மாமியார், நாத்தனார் ஜெனிட்டா, தான், நால்வரும் ஒரே கோட்டில். குவைத்தில் மரியஅந்தோணி தனிப் புள்ளி. ஆளுக்கொரு போன் கோடு, எல்லாம் அவனிடம் போய்த்தான் முடியும்.

'சரி' என்றது மென்பொருள்.

இதுவா சரி? எந்த மூன்றும் ஒரே கோட்டில் சேராத நான்கு புள்ளிகள் வேண்டும் என்று மூன்றாவது விதி ஒன்று உண்டு. இந்த வீட்டில் தலைகீழாக நின்று தேடினாலும் மூன்றுக்கு மேல் தேறாது. மென்பொருள் அந்த விதியையே மறந்திருந்தது.

"அத்தை, அரை மணி நேரம். கோடு தப்பா இருக்கு, சரி பண்ணணும்."

அவள் சொன்னது கம்ப்யூட்டர் 'கோடு', அதாவது மென்பொருளின் நிரல். மாமியார் பாத்திமா மேரி காதில் விழுந்தது பென்சில் கோடு.

"அழிச்சிட்டு நேரா போடேன்டி! இதுக்கு அரை மணி நேரமா?" என்றவர், ஜெனிட்டாவின் பழைய ஸ்கேலைத் தேடிக் கொண்டுவந்து லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கரண்ட் போவதற்குள் நிரலைத் திருத்தி, வெளிநாட்டிலிருந்து அந்த மென்பொருளைப் பராமரிக்கிறவர்களுக்கு அனுப்பினாள். வியாழக்கிழமை பதில் வந்தது: ஏற்றுக்கொண்டோம், நன்றி. அடியில் திருத்தியவர் பெயர், மரியஅந்தோணி. லேப்டாப் அவனுடையது, அதில் பதிந்திருந்த பெயரும் அவனுடையது. அனுப்புகிற அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவில்லை.

ஜெனிட்டா சத்தமாக வாசித்துத் தொலைத்தாள்.

"எம் புள்ள பேரு வெளிநாட்டுல வந்துருக்கு!" பாத்திமா மேரி தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்தார்.

போனில் மரியஅந்தோணி கேட்டான்: "நான் என்னத்த திருத்துனேன்?"

"மூணாவது விதியங்க."

"ஓ. அம்மா சந்தோஷமா இருக்காங்கல்ல, விடு."

லின்சி விடவில்லை. திருத்தியது நான்தான் என்று அவர்களுக்கு எழுதிப் போட்டாள். பழைய பதிவில் பெயரை மாற்ற முடியாது, மன்னிக்கவும் என்று பதில் வந்தது.

வெள்ளி காலை, முதல் வேலையாக லேப்டாப்பில் பதிந்திருந்த பெயரை 'லின்சி' என்று மாற்றிவிட்டு, மென்பொருளின் அடுத்த சோதனையைத் திறந்து அதில் தப்பு தேடினாள். சாயங்காலம் வரை நேரம் இருந்தது, கரண்ட் இருந்தால்.

"இன்னுமா கோடு நேராகல?" அடுப்படியிலிருந்து குரல்.

"கோடு நேராயிருச்சு அத்தை. பேருதான் கோணிக்கிச்சு."